ஆறு வயதுக்கு ஒரு நீலத் தொட்டி

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எதோகவா வார்டில் இருக்கிறது நிஷி கசாய். தோசாய் மெட்ரோ லைனில் ஏறி உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் நிஹோன்பாஷி, ஓதேமாச்சி அலுவலகங்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் இந்த வசதிக்காகத்தான் இங்கே குடியேறினார்கள். இன்று ஸ்டேஷன் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் தமிழ் காதில் விழுந்துவிடும். இட்லி அரிசியும் கிடைக்கும், புளியும் கிடைக்கும்.

ஆனால், ஏப்ரல் 6, 7 தேதிவாக்கில் அங்கே போகிறவர்கள் கடைத்தெருவை விட்டுவிட்டு ஏதாவது ஓர் அரசு தொடக்கப்பள்ளி வாசலைப் பார்க்க வேண்டும். 'பள்ளி சேர்ப்பு விழா' என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகை ஒன்றைக் கேட்டருகே சாத்தி வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க ஒரு வரிசை. அப்பாக்கள் கறுப்பு சூட்டில், அம்மாக்கள் வெளிர் நிற சூட்டில் அல்லது கிமோனோவில். நடுவே பட்டுப்புடவை மேல் கோட் போட்ட ஓர் அம்மாவும் இருக்கலாம். அங்கே ஏப்ரல் காலை நம் டிசம்பர் ஊட்டி மாதிரி. எல்லோர் கைப்பையிலும் ஒரு ஜோடி செருப்பு. பள்ளிக்குள் வெளிச்செருப்பு கூடாது என்பதால் பெற்றோரும் உள்ளே போட்டுக்கொள்ளத் தனியாக எடுத்து வர வேண்டும்.

ஜப்பானில் பள்ளியும் அரசாங்கக் கணக்கும் கம்பெனி வேலையும் ஏப்ரலில்தான் தொடங்குகின்றன. அதனால் அந்த ஒரு வாரம் நாடு முழுக்கப் புது உடுப்பு வாசனை அடிக்கும். ஆறு வயது முடிந்த குழந்தை முதல் வகுப்புக்குப் போவது அந்தக் குடும்பத்தின் பெரிய விசேஷங்களில் ஒன்று. நம் வீடுகளில் விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்போமே, அந்த இடத்தில் இருப்பது இந்த விழா. என்ன, அங்கே ஏற்பாடு ஒரு வருஷம் முன்னாலேயே ஆரம்பமாகிவிடும்.

முதல் ஏற்பாடு பை. 'ராந்தோசெரு' என்கிற அந்தப் பெட்டி மாதிரியான தோல் பையை முதுகில் மாட்டினால் சின்னக் குழந்தையின் பாதி உடம்பு மறைந்துவிடும். பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. ராணுவ வீரர்களின் முதுகுப்பைதான் மூலம். சராசரி விலை சுமார் 60,000 யென், நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல். பெரும்பாலும் தாத்தா பாட்டிதான் வாங்கிக் கொடுப்பார்கள். நம் ஊரில் தாய்மாமன் சீர் மாதிரி, அது அவர்கள் உரிமை. ஆறு வருஷம் தாங்க வேண்டும், தாங்குகிறது. ஆறாம் வகுப்பு முடிந்ததும் சிலர் அந்தத் தோலை வெட்டி பர்ஸ் தைத்துக்கொள்கிறார்கள். சிலர் தானம் செய்கிறார்கள். பழைய ராந்தோசெருக்களைச் சேகரித்து ஆப்கானிஸ்தான் குழந்தைகளுக்கு அனுப்பும் பணி 2004 முதல் நடக்கிறது.

இரண்டாவது ஏற்பாடு பெயர் எழுதுவது. இதைத்தான் அம்மாக்கள் பெருமூச்சோடு சொல்வார்கள். பென்சிலிலும் பெட்டியிலும் எழுதுவதோடு முடியாது. கணக்குப் பாடத்துக்கு ஒரு செட் வரும். எண்ணிப் பழகக் குச்சிகள், பூ வடிவச் சில்லுகள், விளையாட்டுக் காசுகள் என்று நூற்றுக்கும் மேல் இருக்கும். சுண்டுவிரல் நகம் அளவுள்ள சில்லு ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும். மார்ச் கடைசியில் பல வீடுகளில் இரவு பதினொரு மணிக்கு அம்மாவும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து செய்யும் வேலை இதுதான்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிக் கூத்து ஒன்று உண்டு. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஜப்பானில் குடும்பப் பெயர் இல்லாமல் எந்தப் படிவமும் நகராது. அதனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். வகுப்பில் ஆசிரியர் பிள்ளைகளைக் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் அழைப்பார். அப்பா பெயர் முருகன் என்றால், இரட்டைச் சடை போட்ட ஆறு வயதுப் பெண் 'முருகன் சான்' ஆகிவிடுவாள். ஜப்பானிய எழுத்தில் 'ல'வுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் கிடையாது. 'லலிதா'வை எழுதினால் 'ரரிதா' என்றுதான் படிப்பார்கள். முதல் வாரம் குழந்தை திரும்பிப் பார்க்காது. இரண்டாவது வாரம் பழகிவிடும். பெற்றோருக்குத்தான் பழக நாளாகும்.

விழா பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும். தலைமையாசிரியர் பேச்சு, பாட்டு, போட்டோ என்று எல்லா ஊரிலும் நடப்பதுதான். வெளியே, படிக்கட்டின் இரு பக்கமும் வரிசையாக வைத்திருக்கும் டூலிப் தொட்டிகளைத்தான் நின்று பார்க்க வேண்டும். சின்ன நீல பிளாஸ்டிக் தொட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு சிவப்பு, மஞ்சள் பூக்கள், தொட்டியின் மேல் ஒரு பெயர். அந்தப் பெயர்கள் இன்று சேரும் குழந்தைகளுடையவை அல்ல. போன வருஷம் இதே வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட குழந்தைகளுடையவை. இலையுதிர் காலத்தில் அவர்கள் கிழங்கை நட்டு, பனிக்காலம் முழுக்க மொட்டை மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றி, புதுப் பிள்ளைகள் வரும் நாளில் பூத்திருக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

பள்ளி சேர்ப்பு என்றால் செர்ரிப் பூ என்றுதான் சினிமாவிலும் படங்களிலும் காட்டுவார்கள். டோக்கியோவைப் பொறுத்தவரை அது இப்போது பழைய கதையாகிக்கொண்டிருக்கிறது. யாசுகுனி கோயில் வளாகத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மரத்தில் ஐந்தாறு பூக்கள் மலர்ந்ததும் வானிலைத் துறை 'பூத்தாயிற்று' என்று அறிவிக்கும். வழக்கமாக அது மார்ச் 24 வாக்கில் நடக்கும். 2020, 2021, 2023 ஆகிய மூன்று வருஷங்களிலும் மார்ச் 14-ஆம் தேதியே பூத்துவிட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் குழந்தைகள் வரும்போது பல வருஷங்களில் கிளைகளில் இலைதான் மிச்சம். காத்திருந்து வரவேற்கும் வேலையை டூலிப் பார்த்துக்கொள்கிறது.

அந்த நீலத் தொட்டி எங்கிருந்து வந்தது? ஜப்பானில் வளர்ந்த யாரிடமாவது, "முதல் வகுப்பில் என்ன செடி வளர்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "அசகாவ்" என்பார்கள். அசா என்றால் காலை, காவ் என்றால் முகம். காலையில் மலர்ந்து, வெயில் ஏறியதும் சுருண்டுவிடும் அந்தப் புனல் வடிவப் பூவை நமக்கும் தெரியும். வேலியோரங்களில் ஊதாவாகப் படர்ந்து கிடக்கும் கொடிகளின் சொந்தக்காரப் பூ அது. நர்சரியில் 'மார்னிங் குளோரி' என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஜப்பானுக்கு அது சீனாவிலிருந்து மருந்தாகப் போனது. விதை பேதிக்குக் கொடுப்பது.

1992 முதல் ஜப்பானில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் தனிப் பாடமாகக் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து 'வாழ்க்கைப் பாடம்' என்று ஒன்று. அக்கம்பக்கத்தைச் சுற்றிப் பார்ப்பது, பூச்சி பிடிப்பது, வீட்டு வேலையில் ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது, செடி வளர்ப்பது எல்லாம் அதில் அடக்கம். முதல் வகுப்பில் பெரும்பாலும் அசகாவ், இரண்டாம் வகுப்பில் தக்காளி போன்ற காய்கறி. முதல் வகுப்புக்கு இந்தப் பூவைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல புத்திசாலித்தனம் இருக்கிறது. விதை பெரியது, சின்ன விரல்களில் நழுவாது. ஒரு வாரத்தில் முளைத்துவிடும். வளர்வது கண்ணுக்குத் தெரியும். பூக்க ஆரம்பித்தால் தினம் காலையில் எண்ணலாம். நேற்று இரண்டு, இன்று ஐந்து என்று கணக்கும் சேர்ந்து வந்துவிடும்.

மே மாதம் நடுவில், மண் சூடேறியதும் விதைப்பு. தோட்டத்துக்கு அழைத்துப் போய் ஆசிரியர் விதைக்க, பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பது என்கிற கதை அங்கே இல்லை. ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு மண் மூட்டை, ஆளுக்கு ஐந்தாறு விதை. ஆள்காட்டி விரலின் முதல் கணு மறையும் வரை மண்ணில் குத்து, விதையைப் போடு, மூடு. அவ்வளவுதான் பாடம். பூவாளிகூடத் தனி கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த காலி பாட்டிலின் வாயில் ஓட்டை போட்ட மூடியைத் திருகினால் அதுதான் பூவாளி. மறுநாளிலிருந்து காலையில் பையை வகுப்பில் வைத்ததும் பாட்டிலோடு தொட்டிக்கு ஓட்டம்.

முளைத்ததும் ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். மேல் பாதியில் படம், கீழே இரண்டு மூன்று வரி. ஏப்ரலில்தான் எழுத்து கற்க ஆரம்பித்த குழந்தை எழுதும் முதல் கட்டுரை இதுவாகத்தான் இருக்கும். அசகாவின் விதையிலை நடுவே பிளந்திருக்கும். ஒரு குழந்தை வண்ணத்துப்பூச்சி என்று எழுதும், இன்னொன்று மாட்டுக் குளம்பு என்று எழுதும். "தொட்டுப் பார்த்தாயா? எப்படி இருந்தது?" என்பது ஆசிரியரின் கேள்வி. இலையில் பூனைமுடி மாதிரி இருக்கிறது என்று குழந்தை தானே கண்டுபிடிக்கும் வரை அவர் சொல்ல மாட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் வந்துவிட்டதால் இப்போது போட்டோ எடுப்பதும் உண்டு. போட்டோ ஒரு நொடியில் முடிந்துவிடும். வரைய உட்கார்ந்த குழந்தை இலையை இருபது தடவையாவது பார்க்கும்.

எல்லா விதையும் முளைக்குமா? முளைக்காது. முப்பது தொட்டியில் இருபத்தெட்டு பச்சையாகி, இரண்டு தொட்டியில் மண் மட்டும் இருந்தால் அந்த இரண்டு குழந்தைகளின் முகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அனுபவம் உள்ளவர்கள் விதைப்பு நாளன்றே ஓரமாக ஒரு தொட்டியில் கூடுதலாகப் போட்டு வைப்பார்கள். பத்து நாள் பார்த்துவிட்டு, குழந்தையிடம் கேட்டு, அதிலிருந்து ஒரு நாற்றை எடுத்து நடுவார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி வைத்துவிட்டு 'உன் விதைதான் முளைத்தது' என்று சொல்லிவிடலாம்தான். கேட்டு நடுவதுதான் சரி. ஆறு வயதுக்கு அந்த ஏமாற்றத்தைத் தாங்கத் தெரியும், கூட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

இதைவிடக் கஷ்டமான பாடம் அடுத்து வரும். ஒரு தொட்டியில் ஐந்து நாற்று இருந்தால் எதுவும் தேறாது. இரண்டை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். நெல் வயலிலும் கீரைப் பாத்தியிலும் பயிர் கலைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால், ஒவ்வொரு நாற்றையும் தினமும் விசாரித்த குழந்தையிடம் போய், "மூன்றைப் பிடுங்கு" என்றால்? பிடுங்கியதைத் தூக்கிப் போடச் சொல்லும் ஆசிரியர்கள் குறைவு. ஈரக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள், அல்லது பள்ளிப் பூப்பாத்தியில் நடச் சொல்வார்கள். ஜூன் மாதத்தில் அடுக்குமாடி பால்கனிகளில் தயிர் டப்பாவில் ஒற்றை நாற்று நின்றால், அந்த வீட்டில் முதல் வகுப்புப் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜூலை 20 வாக்கில் கோடை விடுமுறை. அதற்குள் கொழுகொம்பைத் தாண்டிக் கொடி ஏறிப் பூத்திருக்கும். தொட்டி இப்போது வீட்டுக்குப் போக வேண்டும். பெற்றோர் வந்து எடுத்துப்போக வேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வரும். ஈர மண்ணோடு கனக்கும் தொட்டியை ஒரு கையில் தூக்கி, மறு கையில் குடை பிடித்து, கொடி ஒடியாமல் அப்பாக்கள் தெருவில் நடந்துவரும் காட்சி அந்த வாரம் முழுக்கக் கிடைக்கும்.

அதே மாதம் 6, 7, 8 தேதிகளில் வடக்கே இரியா பகுதியில் அசகாவ் சந்தை. கிஷிமோஜின் கோயிலைச் சுற்றித் தெரு முழுக்கத் தொட்டிகள். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் சுருங்கிய பூக்களைத்தான் பார்க்க முடியும். எதோ காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தப் பூவின் மேல் டோக்கியோவுக்கு ஒரு பைத்தியமே பிடித்திருந்தது. பூவென்றே நம்ப முடியாதபடி இதழ் கிழிந்தது, நூல் நூலாகத் தொங்குவது என்று விதவிதமாக உருவாக்கி விலை வைத்தார்கள். இரியா சந்தை 1913-ல் நின்றுபோய், போருக்குப் பின் 1948-ல் மீண்டும் தொடங்கியது. சந்தையில் அழகான தொட்டிகள் எத்தனையோ இருக்கும். வீட்டில் நீலத் தொட்டி வைத்திருக்கும் குழந்தை மட்டும் அவற்றை அலட்சியமாகப் பார்க்கும்.

தமிழ்க் குடும்பங்களுக்குச் சிக்கல் இங்கேதான். கோடை விடுமுறைதான் ஊருக்குப் போகும் நேரம். ஒரு மாதம் திருச்சியிலும் மதுரையிலும் இருந்தால் தொட்டிக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது? ஆகஸ்ட் டோக்கியோவில் இரண்டு நாள் விட்டால் கொடி கருகிவிடும். பாட்டிலைக் கவிழ்த்து மண்ணில் செருகிச் சொட்டுநீர் விடுவதெல்லாம் மூன்று நாளைக்குத்தான் வரும். கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். மூன்று வருஷமாக லிஃப்டில் தலையை மட்டும் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் முதல் தடவையாகப் பேசுவது இந்தத் தொட்டிக்காக என்றால் ஆச்சரியமில்லை. 'அசகாவ்' என்ற ஒரு வார்த்தை போதும். மிச்சத்தை அவரே புரிந்துகொள்வார். அவர் பிள்ளைகளும் வளர்த்திருப்பார்கள்.

இலையுதிர் காலத்தில் காய்கள் காயும். ஒரு காயில் ஐந்தாறு கறுப்பு விதை. அதை எண்ணுவது ஒரு வாரக் கணக்குப் பாடம். வாடிய கொடியை வளையமாகச் சுற்றி, ரிப்பன் கட்டி கிறிஸ்துமஸுக்குக் கதவில் மாட்டுவார்கள். காலியான தொட்டியில் டூலிப் கிழங்கு இறங்கும். விதையில் கொஞ்சத்தைச் சின்னக் காகித உறையில் போட்டு, 'நன்றாகத் தண்ணீர் ஊற்று' என்பது போல எதையாவது எழுதி, அடுத்த வருஷம் வரப்போகும் முகம் தெரியாத தம்பி தங்கைக்கு என்று எடுத்து வைப்பார்கள்.

மார்ச்சில் வருஷம் முடியும்போது ஆசிரியர்கள் மாறுவார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வருஷங்களுக்கு ஒருமுறை இடமாற்றம் உண்டு. பல மாகாணங்களில் அந்தப் பட்டியல் உள்ளூர் செய்தித்தாளில் பக்கம் பக்கமாக வரும். நம் ஊரில் ஒரு காலத்தில் பரீட்சை ரிசல்ட் பேப்பரை விரித்து நம்பர் தேடிய மாதிரி, அங்கே பெற்றோர் ஆசிரியர் பெயரைத் தேடுவார்கள். நாற்றைக் கேட்டு நட்ட அந்த ஆசிரியர், டூலிப் பூக்கும்போது வேறு ஊரில் வேறு முப்பது தொட்டிகளோடு இருக்கலாம்.

முப்பது தொட்டி என்பது நகரத்துக் கணக்கு. நாடு முழுக்க அந்தக் கணக்கு இறங்கிக்கொண்டே போகிறது. 1949-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் கிட்டத்தட்ட 27 லட்சம். 2016-ல் அது 10 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. 2024-ல் 7 லட்சத்துக்கும் கீழே. 2002-க்கும் 2020-க்கும் இடையில் மூடப்பட்ட அரசுப் பள்ளிகள் மட்டும் ஒன்பதாயிரத்தை நெருங்குகின்றன. கோச்சி மாகாணத்தின் முரோத்தோவில் அப்படி மூடிய ஒரு தொடக்கப்பள்ளி 2018-ல் மீன் காட்சியகமாகத் திறந்தது. பிள்ளைகள் நீந்தக் கட்டிய 25 மீட்டர் குளத்தில் இப்போது கடலாமைகள் நீந்துகின்றன.

அதே ஷிகோகு தீவில், இயா பள்ளத்தாக்கின் உள்ளே நாகோரோ என்றொரு மலைக் கிராமம். ஒசாகாவிலிருந்து அப்பாவைக் கவனித்துக்கொள்ளத் திரும்பி வந்த த்சுகிமி அயானோ என்ற பெண்மணி, தோட்டத்தில் போட்ட விதையைப் பறவைகள் தின்னாமலிருக்க ஒரு வைக்கோல் பொம்மை செய்தார். அது அப்பா சாயலில் அமைந்துவிட்டது. பிறகு, ஊரை விட்டுப் போனவர்கள், இறந்துபோனவர்கள் சாயலிலெல்லாம் செய்ய ஆரம்பித்தார். ஊர்ப் பள்ளி 2012-ல், கடைசி இரண்டு மாணவர்களோடு மூடப்பட்டது. இன்று அந்த வகுப்பறையில் பொம்மைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, பொம்மை ஆசிரியர் பாடம் நடத்துகிறார். பார்க்க வெளிநாட்டவர்கள் வருகிறார்கள், படமெடுக்கிறார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

நீலத் தொட்டியின் கதையோடு நேராகச் சேருவது இன்னொரு மூடிய பள்ளி. பனி ஆளுயரத்துக்குக் கொட்டும் நீகாத்தா மாகாணத்தில் அசாமிஹிரா என்ற சின்ன ஊர். அங்கே 2003-ல், எச்சிகோ-த்சுமாரி கலைத் திருவிழாவுக்காக ஹிபினோ கத்சுஹிகோ என்ற ஓவியர் வந்தார். இன்று டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் தலைவர் அவர். பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்த பள்ளிக் கட்டடத்தில், ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து அசகாவ் விதைத்தார். கூரையிலிருந்து தரை வரை கயிறு கட்டிக் கொடியை ஏற்றினார்கள். 'நாளை மறுநாள் அசகாவ்' என்று பெயர். கோடையில் பள்ளியின் முகப்பே பூவானது.

பனி விழும் முன் விதை பொறுக்கினார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் விதைத்தார்கள். மிஞ்சியது மற்ற ஊர்களுக்குப் போனது. மிட்டோவில் முளைத்தது. கனாசாவாவில் வட்டமான கண்ணாடி மியூசியத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஏற்றினார்கள். ஒவ்வொரு ஊரிலும் விதை எடுத்து, எந்த ஊர் விதை என்று உறையில் எழுதி, கேட்ட ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.